தாய்ப்பாலின் மற்றொரு விருந்தாளி

என் மூத்த மகள் பால்மாவில் வளர்ந்தவள். குழந்தைக்கு வேண்டியவை யாவும் அந்தப் பேணியில் உண்டென்றே அன்று நம்பினேன்.

தாய்ப்பாலின் திண்மப் பொருள்களுள் இலற்றோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பவை சில கூட்டுவெல்லங்கள். அவற்றைச் சமிக்கச் செய்யும் நொதியம் குழந்தையிடம் இல்லை. பின் யாருக்காகத் தாய் அவற்றைச் சுரக்கிறாள்?

1899 இல் பாரிசிலே ஹென்றி திசியே என்பார், தாய்ப்பாலுண்ட குழந்தையின் மலத்திற் பிபிடோபற்றீரியம் என்னும் நுண்ணங்கியைக் கண்டார். அக்குலத்து இன்ஃபான்ரிசு வகையின் முழுப் பரம்பரையலகுத் தொகுதி 2008 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 28 இலட்சம் மூலச்சோடிகள்; அவற்றினிடையே, அவ்வெல்லங்களை உள்ளிழுத்து அறுக்கும் பரம்பரையலகுகள் ஒருங்கே திரண்டு கிடந்தன. உண்டபின் அது வெளியிடும் அமிலங்களால் நோய்க்கிருமிகள் பல குடலிலே தழைக்கமாட்டா.

மகள் நலமாகவே வளர்ந்தாள். ஆயினும், இதனை முதன்முதல் வாசித்த இரவு அவளது பாற்போத்தலே என் கண்முன் நின்றது.