கிழக்குச் சன்னல்

கண் என்றவுடன் இலக்கியம் பயின்ற நமக்குக் கயலும் குவளையும் நினைவுக்கு வருகின்றன. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயையோ கையால் விரட்டிவிடுகிறோம். அதன் கண்ணிலும் நாம் அறிய வேண்டிய செய்தி உண்டு.

அந்தச் சிவந்த கண் ஏறத்தாழ 750 சிறு கண்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் தூரிகை மயிர்போல் ஏறத்தாழ 30,000 நுண்விரல்கள். ஒளித்துகள் ஒன்று பட்டதும் அங்குள்ள ரோடாப்சின் புரதம் உருமாறுகிறது. அது மற்றொரு புரதத்தைத் தூண்ட, அது ஒரு நொதியை எழுப்ப, நொதி சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூற்றைப் பிளக்கிறது. உடனே வாயில்கள் திறந்து கால்சியமும் சோடியமும் உட்புகுகின்றன. நாம் இமைப்பதற்குள் ஒளி மின்குறிப்பாகிவிடுகிறது.

1969இல் காசன்ஸ், மானிங் என்னும் இரு ஆய்வாளர்கள் விந்தையான ஈயொன்றைப் பற்றி எழுதினர். மங்கிய ஒளியில் இயல்பாக இருந்த அது, பேரொளியில் குருடுபோல் நடந்துகொண்டது. வாயிற்புரதம் ஒன்று குறைபட்டதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

நம் விழித்திரையின் கோல், கூம்புச் செல்கள் இதற்கு நேர்மாறானவை. ஒளி பட்டால் அவற்றின் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. ஆனால், 1998இல் தவளைத் தோலில் கண்டறியப்பட்ட மெலனாப்சின் என்னும் நிறமி, நம் விழித்திரையின் சில நரம்புச் செல்களிலும் உண்டு. அவை பெரிதும் ஈயின் வழியையே பின்பற்றுகின்றன; அவற்றின் வாயில்களும் ஈயினுடைய வாயிலின் உறவினமே. உருவத்தைக் காட்டுவதைவிட, பகலையும் இரவையும் உடலுக்கு அறிவிப்பதே அவற்றின் தலையாய பணி.

எங்கள் அம்மாவுக்குக் கோல், கூம்புச் செல்கள் மெல்ல அழியும் நோய். எங்கள் முகங்கள் அவருக்குத் தெரிவதில்லை. வீட்டைத் திருத்திக் கட்டியபோது, "கண் தெரியாதவங்களுக்குச் சன்னல் எதுக்கு?" என்று உறவினர் கேட்டனர். கிழக்கு அறையைப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவரை உள்ளறைக்கு மாற்றலாம் என்பது அவர்கள் யோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

இந்நோயில் பார்வை போனபின்னும் மெலனாப்சின் செல்கள் எஞ்சியிருப்பதுண்டு என்பதை அதற்குள் நாங்கள் படித்திருந்தோம். பார்வை வேறு, ஒளி வேறு. ஒன்றை இழந்தவரிடமிருந்து மற்றொன்றையும் பறிக்க நமக்கு உரிமையில்லை.

பிள்ளை கூடத்தில் படிக்கிறான். கிழக்குச் சன்னலருகே அமர்ந்து, "விடிஞ்சிருச்சு" என்கிறார் அம்மா. அவர் எங்களைக் கேட்பதில்லை, எங்களுக்குச் சொல்கிறார்.