கிளாஸ் என்றொரு சொல்

அண்மையில் தா.பழூர் சென்றிருந்தோம். செயங்கொண்டத்திலிருந்து குடந்தை செல்லும் வழியில், கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த ஊர். பேருந்துக்காகக் காத்திருந்த வேளையில் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்தோம். அருகே நின்ற பள்ளிச் சிறுமியிடம், "என்ன படிக்கிறாய் அம்மா?" என்றோம். "ஏழாம் கிளாஸ்" என்றாள். பக்கத்திலிருந்த பெரியவர், தம் மகன் ஃபர்ஸ்ட் கிளாசில் தேறியதைப் பெருமிதத்தோடு கூறினார். கடைக்காரரோ, "கிளாசைக் கொடுங்கள் ஐயா, கழுவ வேண்டும்" என்றார். ஒரு நாழிகைக்குள் மூன்று கிளாஸ்! மூன்றாவது, ஆங்கிலத்தில் வேறு சொல்தான். ஆயினும் நம் நாவில் ஏறியபின் மற்ற இரண்டோடும் உடன்பிறப்பாகிவிட்டது.

சிரித்துவிட்டு எழுந்திருப்போம். எழவிடவில்லை ஓர் இளைஞர். கல்லூரி மாணவர். "ஐயா! அரசியல் சட்டத்தில் பேக்வர்டு கிளாஸ் என்றுதானே இருக்கிறது? பேக்வர்டு காஸ்ட் என்று இல்லையே! கிளாஸ் என்றால் வர்க்கம். வர்க்கம் என்றால் வருமானம். ஏழைக்கு இடம் கொடுங்கள். சாதிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நாம் கடிந்துகொள்ளவில்லை. கேள்வி கேட்கச் சொன்ன இயக்கமன்றோ நம் இயக்கம்! ஆனால், ஒரு சொல்லின் பல பொருள்களில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, ஒரு சமுதாயத்தின் உரிமையையே அளக்க முற்பட்டாரே, அதுதான் நம் நெஞ்சைத் தைத்தது.

அந்தச் சொல்லின் கதை பழையது. பண்டைய ரோமில் குடிமக்களைச் சொத்தின் அளவுப்படி பிரித்தார்கள். அப்பிரிவுக்கு லத்தீன் மொழியில் 'கிளாசிஸ்' என்று பெயர். முதற்பிரிவில் இருந்தோரைக் குறித்த சொல்லே, பின்னர் முதல்தர எழுத்தாளர்க்கு ஆகி, 'கிளாசிக்கல்' என வளர்ந்தது. 2004-இல் தமிழைச் செம்மொழி என்று இந்திய அரசு அறிவித்ததே, அந்தச் செம்மொழிக்கு ஆங்கிலம் தரும் அடைமொழியும் இவ்வேரில் கிளைத்ததுதான். பள்ளிக்கூடத்தில் அது வகுப்பு, தேர்வில் தரம், மார்க்சின் ஏட்டில் வர்க்கம். எது மெய்ப்பொருள்? யார், எப்போது, எதற்காக அச்சொல்லை ஆண்டார்கள் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கேட்போமா? 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்து, எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928-இல் நடைமுறைக்கு வந்தது வகுப்புவாரி உரிமை ஆணை. அது செல்லாது என்று 1950-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தந்தை பெரியார் போர்க்குரல் எழுப்பினார், தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அதே 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய 'கிளாஸ்' என்ற தொடர் பதினைந்தாம் பிரிவில் ஏறியது அப்போதுதான். பொருளாதாரம் என்ற சொல் அத்தொடரில் இல்லை. அன்று சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர், பின்தங்கிய வகுப்பினர் என்போர் சில சாதிகளின் தொகுப்பே என்று நாடாளுமன்றத்திலேயே விளக்கினார்.

நீதிமன்றங்கள் உடனே உடன்பட்டனவா? இல்லை. சாதி மட்டுமே அளவுகோலாகாது என்றது 1962-இல் வந்த பாலாஜி தீர்ப்பு. சென்னை மாநில மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிய இராசேந்திரன் வழக்கில், சாதியும் குடிமக்களின் ஒரு வகுப்பே என்றது 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1992-இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, சாதி ஒரு சமூக வகுப்பாக இருக்கக்கூடும், பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்று உரைத்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் காண நாற்பதாண்டுகள்!

"தம்பி! 2019-இல் வருமானத்தை அளவாக்கிப் பத்து விழுக்காடு தந்தார்களே, அப்போது கிளாஸ் என்ற சொல்லே போதும் என்று விட்டார்களா? 'நலிந்த பிரிவினர்' என்று புதுச்சொல் எழுதினார்கள். முன்பே சொல்லப்பட்ட 'கிளாஸ்' நீங்கலாக என்றும் எழுதினார்கள். கிளாஸ் என்பதன் பொருள் வருமானமே என்றால், புதுச்சொல் எதற்கு?" என்று கேட்டோம்.

இளைஞர் எண்ணமிட்டார். பிறகு, "ஆனாலும் சட்டத்தில் சாதியை எழுதிக்கொண்டே இருந்தால் சாதி எப்படி ஐயா ஒழியும்?" என்றார். நல்ல கேள்வி; நேர்மையான கேள்வி.

நாம் ரயிலைக் காட்டினோம். 1974-இல் ரயிலில் மூன்றாம் கிளாஸ் ஒழிந்தது என்றார்கள். ஒழிந்தது பெயர்! பெட்டியின் பெயர் இரண்டாம் கிளாஸ் என்று மாறிற்று. உட்காரும் மரப்பலகை மாறவில்லை. 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்த பின்னரே அப்பலகைமீது மெத்தை ஏறத் தொடங்கியது. எழுத்தை அழிப்பது எளிது, தம்பி. பலகையை மாற்றுவதுதான் பணி.

கடைக்காரர் கழுவி அடுக்கிய கிளாசுகள் வெயிலில் மின்னின. எல்லாம் ஒரே அடுக்கு. தமிழகத்தின் எத்தனையோ சிற்றூர்களில் அவை இரண்டு அடுக்காக இருந்ததை நாடறியும். சேரி மக்களுக்குத் தனிக் குவளை நீட்டிய கைகள், ஒருநாளேனும் வருமானச் சான்றிதழ் கேட்டதுண்டா?

பேருந்து வந்தது. இளைஞர் நம் பையை எடுத்துக் கொடுத்தார். நாம் சொன்னதை ஏற்றாரா, அறியோம். எண்ணத் தொடங்கினார் என்பதை மட்டும் அவர் முகத்தில் கண்டோம்.

சொல்லுக்குப் பொருள் தருவது வானமன்று, வாழ்க்கை. பிறப்பால் எவரும் பின்தள்ளப்படாத நாள் வரட்டும். அன்று கிளாஸ் என்பதன் இந்தப் பொருளும் வழக்கொழிந்து போகும். அதுவரை, அதை மறக்க நமக்கு உரிமையில்லை.