இன்னொரு பானைச் சோறு

“சாப்பிட்டியா?” என்று கேட்ட கையோடு அம்மா அடுத்துக் கேட்பது, “இன்னிக்குப் பச்சையா, சிவப்பா?”

கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து, பிள்ளைகள் தமிழ் எழுதிப் பழக இலவச மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். யார் ஒரு வரியை மாற்றினாலும், எங்கோ இருக்கும் கணினி மொத்த மென்பொருளையும் புதிதாக உருவாக்கிச் சோதித்துவிடும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. லினக்ஸுக்கு ஒரு சோதனை, விண்டோஸுக்கு ஒன்று. விண்டோஸ் என் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை லினக்ஸ் பச்சை, விண்டோஸ் சிவப்பு. ஃபோல்டரின் பெயர் தமிழில் இருந்தால் மென்பொருள் திறக்கவில்லை. ‘யார் தமிழில் பெயர் வைக்கப்போகிறார்கள்?’ என்று அந்த ஒரு சோதனையை மட்டும் நீக்கினேன். உடனே பச்சை! புதிய பதிப்பையும் வெளியிட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் பெரியம்மா மகளிடமிருந்து போன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஆசிரியை.

“தம்பி, நீ குடுத்தது தொறக்கவே மாட்டேங்குதுடா. பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்குதுங்க.”

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினேன். அக்காவின் கணினியில் பயனர் பெயர் ‘முல்லை’. அச்சுத் தமிழில்!

“நம்ம எழுத்துல இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன்” என்றார். எனக்கு முகம் வெளிறிவிட்டது.

1991-லேயே தமிழ் யூனிகோடில் இடம்பிடித்துவிட்டது. ஆனால், மொழிக்கு மொழி தனி எழுத்துப் பட்டியல் வைத்திருந்த பழைய முறையும் விண்டோஸில் இன்னும் இருக்கிறது. அதில் தமிழுக்குப் பட்டியலே கிடையாது. எங்கள் மென்பொருளின் ஒரு வரி, பெயரை அந்தப் பழைய முறையில் வாசித்திருக்கிறது. ‘முல்லை’ வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டது. லினக்ஸில் இந்தச் சிக்கல் எழவில்லை. அதனால் அங்கே பச்சை.

அந்த வரியை யூனிகோடு முறைக்கு மாற்றினேன். நீக்கிய சோதனையையும் திரும்பச் சேர்த்தேன். இரண்டு பக்கமும் பச்சை வந்தது. அக்காவின் வகுப்பிலும் மென்பொருள் திறந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “ஒரு பானைச் சோத்துக்குத்தான்டா ஒரு சோறு பதம். பக்கத்து அடுப்புல இருக்கிற பானையை யாரு பாக்குறது?” என்றார்.

அந்தச் சோதனை ஃபோல்டருக்கு இப்போது ‘முல்லை’ என்றே பெயர் வைத்திருக்கிறேன்.