நமக்குப் பாதகமான எண்

1925-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல் ஒரு சின்னக் கொட்டகை. உள்ளே பாதரசத் தொட்டியில் மிதக்கும் பெரிய எஃகுச் சிலுவை, அதன் கைகளின் முனைகளில் கண்ணாடிகள். சிலுவை மெதுவாகச் சுழல்கிறது. அறுபதை நெருங்கிய பேராசிரியர் ஒருவர், அதில் பொருத்திய தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், இருட்டில் அதனோடு கூடவே வட்டமாக நடக்கிறார். ஒரு சுற்றுக்கு ஐம்பது விநாடி போல ஆகும். அதற்குள் பதினாறு இடங்களில் ஒளிக்கோடுகள் எவ்வளவு நகர்ந்தன என்று அவர் குரல் கொடுக்க வேண்டும், உதவியாளர் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நடையில் தடுமாறினால் அந்தச் சுற்றே வீண். பெயர் டேட்டன் மில்லர், கிளீவ்லாந்தில் இயற்பியல் பேராசிரியர். புல்லாங்குழல்களைத் தேடித் தேடிச் சேர்த்த மனிதர். இந்த ஒரு கேள்விக்காக அவர் தம் வாழ்நாளில் எடுத்த அளவுகள் இரண்டு லட்சத்துக்கு மேல்.

கேள்வி இதுதான்: ஒளி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகிறதா?

ஒளி ஓர் அலை என்றால் அது பரவ ஓர் ஊடகம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்கள். அதற்கு ஈதர் என்று பெயர். பூமி சூரியனை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. காற்றே இல்லாத நாளிலும் சைக்கிளில் போகிறவன் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா, அப்படி நம்மேல் ஈதர்க் காற்று அடித்தாக வேண்டும். 1887-இல் அதே கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் அதைத் தேடினார்கள், எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் யார் அளந்தாலும், விளக்கு எவ்வளவு விரைவாக நகர்ந்தாலும் ஒன்றே என்பதை அடித்தளமாக வைத்துச் சார்பியலைக் கட்டினார். மில்லரோ, ‘காற்று இருக்கிறது, நொடிக்குச் சுமார் 10 கி.மீ.’ என்றார். அவரை யாரும் பைத்தியக்காரன் என்று ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அந்த ஆய்வுக்குப் பரிசே கொடுத்தது.

ஐன்ஸ்டைன் நடந்துகொண்ட விதத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1921-இல், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கிளீவ்லாந்துக்குப் போனபோது மில்லரைப் பார்த்துப் பேசி, சோதனையைத் தொடரும்படி ஊக்கப்படுத்தினார். பிறகு 1925-இல், மில்லரின் முடிவு உறுதியானால் தம் கொள்கை நிற்காது என்று வெளிப்படையாக எழுதினார். கொட்டகைக்குள் இருக்கும் வெப்ப வேறுபாடு செய்யும் வேலையாக இருக்கும் என்பது அவருடைய சந்தேகம். சந்தேகம் இருந்தும், எது நடந்தால் தாம் தோற்றதாக அர்த்தம் என்பதை அவரே முன்வந்து சொன்னார். இதைச் செய்யத் துணிகிறவர்கள் குறைவு. குடும்பப் பாகப் பேச்சிலிருந்து கோயில் கமிட்டிக் கூட்டம் வரை நான் பார்த்த சச்சரவுகளில், ‘இன்ன ஆதாரம் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்’ என்று யாராவது ஒருவர் முதலில் சொல்லியிருந்தால் பாதி அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

பொறியியல் படிக்கும் என் பேரன் ஒருநாள் கோபமாக வந்தான். “தாத்தா, ஒளியோட வேகம் மாறும்னு ஒருத்தன் சாதிக்கிறான். அவன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் சொல்லுங்க.”

“வாயை அடைக்கிறது இருக்கட்டும். எந்த வேகத்தைச் சொல்றான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. தண்ணீருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,25,000 கி.மீ.தான் போகும், கண்ணாடிக்குள் இன்னும் மெதுவாக. அதைச் சொல்கிறான் என்றால் அவன் சொல்வது சரி. இவன் வெற்றிடத்தைப் பற்றிச் சொல்வதும் சரி. இரண்டு சரியான ஆட்கள் மணிக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பையன் அப்படிச் சாதாரணமாகக் கேட்டவன் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவன் கையில் எண்கள் இருந்தன. 1926-இல் மைக்கேல்சன் அளந்தது நொடிக்கு 2,99,796 கி.மீ. 1941-இல் பர்ஜ் என்ற இயற்பியலாளர் அதுவரை வந்த அளவுகளையெல்லாம் சீர்தூக்கிச் சொன்ன மதிப்பு 2,99,776, அதில் பிழை நான்கு கி.மீ. கூட இருக்காது என்ற உறுதியோடு. 1950-இல் இங்கிலாந்தில் எஸ்ஸென் நுண்ணலைகளை வைத்து வேறு வழியில் அளந்தார்: 2,99,792.5. இருபது கி.மீ. இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. ‘நடுவில் ஒளி மெதுவாகிவிட்டதா?’ என்று ஒருவன் கேட்டால் அது மூடத்தனம் இல்லை, நல்ல கேள்வி. அளந்தவர்கள் தங்கள் பிழையைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதே பதில். மற்றவர்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும், இனித் தவறு தேட வேண்டாம் என்று மனசு நின்றுவிடுவதும் உண்டு. அப்படியும் நடந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். இதைப் பேரன் மறைக்கப் பார்த்தான். எதிராளிக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

அந்தப் பையனிடம் இன்னொரு அம்பும் இருந்தது. 1983-இல் மீட்டர் என்ற அளவையே ஒளியைக் கொண்டு வரையறுத்து, அதன் வேகம் நொடிக்கு 2,99,792.458 கி.மீ. என்று நிலைநிறுத்திவிட்டார்கள். “இனிமே மாறினாலும் தெரியாதபடி பூட்டிட்டாங்களே” என்கிறான். இதுவும் தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. மீட்டர், விநாடி எதுவும் ஒட்டாத வெறும் எண் ஒன்று இயற்பியலில் உண்டு: நுண்கட்டமைப்பு மாறிலி, சுமார் 137-இல் ஒரு பங்கு. ஒளியின் வேகமும் எலக்ட்ரானின் மின்னேற்றமும் பிளாங்க் மாறிலியும் அதற்குள் அடக்கம். அதை எந்தக் கமிட்டியும் பூட்ட முடியாது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில், கிட்டத்தட்ட இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால் யுரேனியத் தாதுவுக்குள் இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்து அணைந்திருக்கிறது. அது விட்டுப்போன சமாரியத்தின் விகிதத்தை ஆராய்ந்தால், அந்த மாறிலி அன்றும் ஏறக்குறைய இன்றுபோலவே இருந்தது என்று தெரிகிறது. வாய்ச்சண்டையில் இதைச் சொல்ல இடமே வராது. உட்கார்ந்து, பொறுமையாக, ஒருவர் பேச ஒருவர் கேட்டால்தான் வரும்.

மில்லர் கடைசிவரை தம் முடிவை மாற்றிக்கொள்ளாமல் 1941-இல் காலமானார். ஆனால் அவருடைய அளவுத்தாள்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் நேரம், வெப்பநிலை எல்லாம் ஒழுங்காகக் குறித்து. அவரிடம் படித்த ஷாங்க்லாண்ட் கைக்கு அவை வந்தன. அவரும் மூன்று பேரும் சேர்ந்து அலசி, 1955-இல் வெளியிட்டார்கள்: கொட்டகையின் வெப்பச் சலனம்தான் ஈதர்க் காற்றுபோலத் தெரிந்திருக்கிறது. ஐன்ஸ்டைன் முந்தைய வருஷமே அந்த ஆய்வைப் படித்து ஷாங்க்லாண்டுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். மில்லரின் முடிவு தவறு என்று காட்டியவை, மில்லர் தாமே எழுதி வைத்த வெப்பநிலைகள். தமக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு வரியைக்கூட அவர் அழிக்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பேரனிடம் சொல்லியிருக்கிறேன்: அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடு. அவன் ஆரம்பிக்கும் முன்னே, 1941-இன் எண்ணை நீயே எடுத்து வை.