முதிய பூனையின் மூட்டுகள்

பூனை நொண்டினால்தான் அதன் காலில் நோவு என்று நாம் எண்ணுகிறோம். மூட்டுத் தேய்மானம் கண்ட பூனை பெரும்பாலும் நொண்டுவதில்லை. இரு பக்க மூட்டுகளும் ஒருங்கே தேய்ந்திருந்தால் அது எந்தக் காலைத் தாங்கி நடக்கும்? நோவை மறைப்பதும் அதன் இயல்பு.

எங்கள் இல்லத்துப் பூனைக்கு வயது 14. முன்பெல்லாம் தரையிலிருந்து சன்னலுக்கு ஒரே தாவலில் ஏறிவிடும். இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. பிறகு நாற்காலி, அங்கிருந்து சன்னல். இறங்கும்போது முன்கால்களைச் சுவரில் வழுக்கவிட்டு மெல்ல இறங்குகிறது. முதுகின் பின்புறத்திற்கு நாக்கு எட்டாமல் உரோமம் சிக்குப் பிடித்திருக்கிறது. "வயசாயிடுச்சு, கிடக்கட்டும்" என்கிறார் உம்மா. தம் முழங்காலுக்கு மட்டும் தைலம் தவறாமல் தேய்த்துக்கொள்வார்!

2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்கள் ஆராயப்பட்டன. 90 பூனைகளுக்கு மூட்டுச் சிதைவு காணப்பட்டது. ஆகவே, அன்பு வாசகர்களே, உங்கள் பூனை ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்துக் குறித்து வையுங்கள். மருத்துவரின் மேசையில் அது அஞ்சி ஒடுங்கிவிடும், நடந்து காட்டாது. உங்கள் குறிப்பே அவருக்குப் பெருந்துணை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூட ஊட்டிவிடாதீர்கள். அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமற் போய் உயிரே பிரியக்கூடும். பூனைக்கென உரிய மருந்தை மருத்துவர் தருவார். அதுவரை சன்னலருகே ஒரு முக்காலியும், விளிம்பு தாழ்ந்த மணல் தட்டும் வைத்துக் கொடுங்கள்.