ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விமானமா, ரயிலா?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் அத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. மீனம்பாக்கத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். மதுரையில் இறங்கியபின் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் கார் பயணம். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து கூட்டினால் ஆறு மணி நேரம். அரை நாள் போச்சு!

எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்பதரை, பத்து மணி நேரம். ஆனால் அது தூங்குகிற நேரம். காலையில் ஊரிலேயே இறக்கிவிடும். ஆடிப்பூரத் தேருக்குப் போகிறவர்கள் ரயிலில் போவதே நல்லது. காலை விமானத்தை நம்பினால், வடம் பிடிப்பதைப் பார்க்க முடியாமல் போகலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.