பேசாப் படமும் கேளாச் செவியும்

நம்முடைய தாயாருக்குச் சென்ற ஆண்டு இரு செவிகளும் மந்தமாகிவிட்டன. கருவி வாங்கிக் கொடுத்தோம். "காதில் வண்டு குடைகிறது" என்று கழற்றி வைத்துவிட்டார். பிறகு பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி எல்லாவற்றையும் துறந்து, சமையலறையே கதியென்று இருந்தார். இருபது வருஷமாக வகுப்பறையில் தொண்டையாலேயே ஜீவனம் செய்யும் நமக்கு, பெற்ற தாயிடம் ஒரு வார்த்தையும் செல்லாதது எத்தகைய தண்டனை என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

போன பௌர்ணமியன்று திருவண்ணாமலை முழுதும் கிரிவலக் கூட்டம், ஒலிபெருக்கிகளின் அட்டகாசம். தூக்கம் வராமல் கணினியைத் திறந்து, 'அண்டர்வோர்ல்ட்' என்னும் அமெரிக்கப் பேசாப் படத்தைப் போட்டோம். ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கி 1927-ல் வெளிவந்தது. கதாசிரியர் பென் ஹெக்ட், சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். இக்கதைக்காக 1929-ல் நடந்த முதல் ஆஸ்கார் விழாவில் பரிசு பெற்றவர்.

தண்ணீர் குடிக்க வந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். புல் வீட் என்ற கொள்ளைக்காரன், குடித்துச் சீரழிந்த வக்கீல் ஒருவனைக் கைதூக்கி விடுகிறான். அந்த வக்கீலுக்கும் கொள்ளைக்காரனின் காதலிக்கும் நேசம் உண்டாகிறது. அக்காலத்தில் நம் நாட்டுக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை விளக்க ஓர் ஆசாமி இருப்பாராம். நாமும் அவரைப்போல் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கி உரக்கக் கத்தினோம்.

"சும்மா இருடா! எல்லாம் தெரிகிறது" என்றார் அம்மா.

அருணகிரிநாதருக்கு முருகன் செய்ததாகச் சொல்லப்படும் உபதேசமல்லவா? இந்த ஊரில் அதற்கு அப்பீல் கிடையாது!

போலீசார் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த முரடன் ஒரு பூனைக்குட்டிக்கு விரலில் பாலைத் தொட்டு ஊட்டுகிறான். "இவனையா தூக்கில் போடப்போகிறார்கள்?" என்று அம்மா பதறினார். இருவரும் தனக்குத் துரோகம் செய்யவில்லை என்று அறிந்ததும் அவர்களைத் தப்பவிட்டு, அவன் சரணடைகிறான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தமிழில் இப்படி ஒன்று இல்லையா?"

வெகுநாளைக்குப் பின் அவராகக் கேட்ட கேள்வி! காகிதத்தில் எழுதிக் காட்டினோம்: மோட்டார் உதிரிப்பாக வியாபாரி ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' உண்டு. அதுவும் கொலைக் கதைதான். ஆனால் அதில் ஓர் அடிச் சுருள்கூட மிஞ்சவில்லை.

அம்மா படித்துவிட்டு, "கதைதான் தெரியுமே, நீ ஆடிக் காட்டேன்" என்றார்.

நாற்பத்தாறு வயதில் நாம் பீமனானோம். கீசகனாகத் தலையணை நடித்தது.